இலையைத் திருப்பிப் பாருங்கள்: பெரணிப் படிவங்கள் பற்றிக் கேள்வி – பதில்

பெரணிகளைப் பற்றியும் கல்லில் பதிந்த அவற்றின் எச்சங்களைப் பற்றியும் கொங்குப் பக்கத்திலிருந்து இம்மாதம் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

ஏனுங்க, எங்க தோட்டத்துக் கெணத்த ஆழப்படுத்தறப்ப நாப்பதடிக்குக் கீழ ஒரு பாறை பொளந்துச்சுங்க. பொளவுக்குள்ள கருப்பா, பெரணி எலையாட்டவே கொப்பும் கெளையுமா பதிஞ்சிருக்குது. கோடி வருசத்து எலைன்னு ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. நெசமாலுமே எலைதானுங்களா?
– விவசாயி, காங்கயம்

இலை இல்லைங்க. பாறை வெடிப்பில் கசிந்த தண்ணீர் வரைந்த படம் அது. புவியியலில் டென்ட்ரைட் என்பார்கள். பழகிய கண்ணையும் ஒரு நொடி ஏமாற்றிவிடும்.

பாறையில் மயிரிழை அளவு வெடிப்பு விழுகிறது. மேலிருந்து இறங்கும் நீரில் மாங்கனீசும் இரும்பும் சிறிதளவு கரைந்திருக்கும். வெடிப்புக்குள் ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் அவை கறுப்பாகப் படிகின்றன. படிவில் எந்த முனை சற்று வெளியே நீண்டிருக்கிறதோ அதற்குத்தான் புதிய சரக்கு முதலில் வந்து சேரும். அதனால் அந்த முனை இன்னும் நீள்கிறது, பிறகு கவைக்கிறது, கவையும் கவைக்கிறது. கொப்பும் கிளையும் இப்படி வந்தவைதான்.

பாறையின் வயதும் இதையே சொல்கிறது. காங்கயம் வட்டாரத்தில் இருப்பது பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ் வகைப் பாறை. வயது 250 கோடி ஆண்டு அளவில். நிலத்தில் முதல் செடிகள் தலைகாட்டி 47 கோடி ஆண்டுதான் ஆகிறது, பெரணி வகைகள் அதற்கும் பிந்தியவை. செடியே இல்லாத காலத்துப் பாறைக்குள் இலை புதைந்திருக்க வழியில்லை.

நீங்களே சோதித்துக்கொள்ளலாம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். பெரணி இலையானால் நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் ஓர் ஒழுங்கில் அடுக்கியிருக்கும், நுனிக்குப் போகப்போகச் சீராகச் சிறுக்கும், ஒவ்வொன்றிலும் நரம்பு தெரியும். டென்ட்ரைட்டில் நரம்பு என்று தனியாக எதுவும் கிடையாது, உள்ளும் விளிம்பும் ஒரே கறுப்பு. கிளைகளின் அளவில் ஒழுங்கு இருக்காது. பெரும்பாலும் வெடிப்பின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் தொடங்கி உள்நோக்கி வளர்ந்திருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள். கல்லைத் தூரிகையால் நன்கு கழுவிக் காயவையுங்கள். மை ஊற்றும் குழாயால் கறுப்பின்மேல் ஒரு சொட்டு, பக்கத்திலுள்ள வெற்றுப் பாறையில் ஒரு சொட்டு விடுங்கள். கறுப்பில் மட்டும் நுரைத்தால் அது மாங்கனீசு ஆக்சைடு. பெராக்சைடைச் சிதைத்து ஆக்சிஜனைக் கிளப்பிவிடும் குணம் அதற்கு உண்டு. இரண்டு இடத்திலும் நுரைத்தால் மண்ணோ பாசியோ ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரில் மறுபடி கழுவிச் செய்யுங்கள். எங்குமே நுரைக்காவிட்டால் கறுப்பு வேறு பொருளாக இருக்கலாம், அப்போது லென்ஸில் கண்டதுதான் தீர்ப்பு. கழிவறை ஆசிட் ஊற்றிப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது படத்தையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும், இந்தக் கேள்விக்குப் பதிலும் தராது.

அப்படியானால் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பெரணிப் படிவமே கிடைக்காதா? மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்களே, அதில்?
– பள்ளி ஆசிரியை, பெருந்துறை

கிடைக்காது. சுண்ணாம்புக்கல் என்றாலே கிளிஞ்சலும் எச்சமும் இருக்கும் என்ற எண்ணம் அரியலூருக்குப் பொருந்தும். அங்கே இருப்பது கடலடியில் படிந்து அப்படியே கெட்டியான கல். மதுக்கரைக் கல்லோ மிகப் பழையது, சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமாகிவிட்டது. உடைத்தால் கற்கண்டு போலப் பளபளக்கும்.

தாவரப் படிவம் வேண்டுமென்றால் கிழக்கே போக வேண்டும். நமக்குக் கிட்டத்தில் பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணி களிமண் படுகைகள் உள்ளன, ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. அதே காலத்தை ஒட்டிய படுகைகள் சிவகங்கையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை அடையாளம் கண்டார். சாத்தனூர் மரமும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களும் விதைத் தாவரங்களே. பெரணி தேடுவோர் மரத்தை விட்டுவிட்டுக் களிமண்ணுக்குப் போகட்டும்.

உயிருள்ள பெரணிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. பழைய கோயில் மதில் இடுக்கில் மயில்தோகையைச் சின்னதாக விரித்தாற்போல நிற்கும் மயில்சிகை ஒரு பெரணி. வயல் வாய்க்காலில் நாலு இலையோடு மிதக்கும் ஆரைக்கீரையும் பெரணிதான். பூவும் விதையும் அதற்குக் கிடையாது.

களப்பயணமாகத் தெரணி போகிறோம். பெரணி இலையை மற்றதிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? எடுத்துவரும் களிமண் பாளங்கள் வீடு வருவதற்குள் வெடித்துவிடுவதாக முன்பு போனவர்கள் சொல்கிறார்கள்.
– தாவரவியல் மாணவி, நாமக்கல்

முதலில் அடையாளம். அங்கே உங்களை அதிகம் குழப்பப்போவது டைலோஃபில்லம். நடுக்காம்பும் இருபுறம் சீப்புப்பல் போன்ற சிற்றிலைகளுமாகப் பார்வைக்கு அசல் பெரணி. ஆனால் அது பென்னெட்டைட்டேலிஸ் என்னும் அழிந்துபோன விதைத் தாவரக் கூட்டத்தைச் சேர்ந்தது. லென்ஸை வைத்து ஒரே ஒரு சிற்றிலையைப் பாருங்கள். நடுநரம்பு இருக்காது, அடியிலிருந்து புறப்படும் நரம்புகள் ஏறக்குறைய இணையாகவே நுனிக்கு ஓடும். சிற்றிலைகள் காம்பின் மேல்முகத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதால் காம்பு பாதி மறைந்திருக்கும்.

பெரணி இலையில் பெரும்பாலும் கிளாடோஃப்ளெபிஸ் வடிவத்தைக் காண்பீர்கள். சிற்றிலை அரிவாள் போல நுனிப்பக்கம் வளைந்திருக்கும், அடி முழுவதும் காம்போடு ஒட்டியிருக்கும். நடுவே தெளிவான நரம்பு. அதிலிருந்து கிளம்பும் பக்க நரம்புகள் ஒருமுறை அல்லது இருமுறை கவைத்து விளிம்பைத் தொடும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளாடோஃப்ளெபிஸ் என்பது வெறும் உருவத்துக்கு வைத்த பெயர். ஸ்போர், அதாவது பெரணி விதைக்குப் பதிலாக உதிர்க்கும் நுண்துகள், தாங்காத இலை கிடைத்தால் அந்தப் பெயரோடு நிற்க வேண்டும். அதே உருவ இலையின் அடிப்பக்கத்தில் ஆஸ்மண்டா என்ற பெரணியின் வகை ஸ்போர்ப்பைகள் தெரிந்தால்தான் டோடைட்டிஸ் என்று எழுதலாம். எந்த வம்சம் என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கூட்டங்கள் ஒரே மாதிரி இலை விட்டிருக்கின்றன. மேலே பார்த்தால் உருவம் தெரியும், வம்சம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் சிரமம். ஸ்போர்ப்பை மேடுகள் களிமண்ணைக் கவ்விக்கொள்ளும். ஆகவே பாளம் பிளக்கும்போது பிளவு வழுவழுப்பான மேல்பக்கத்தோடு ஓடிவிடுகிறது. உங்களுக்குத் தேவையான பக்கம் களிமண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அழகாகத் தெரியும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிட்டு வருவது மாணவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டு பாதியையும் எடுங்கள். ஒன்றுக்கு 14அ என்றும் அதன் இணைக்கு 14ஆ என்றும் உடனே எண் போடுங்கள். கரிப்படலம் இருந்தால், பிறகு ஆய்வகத்தில் தெரியும் முகத்தை எபாக்சிப் பசையில் ஒட்டிவிட்டுப் பின்புறக் களிமண்ணை நீக்கி அடிப்பக்கத்தை வெளிக்கொணரலாம். வெறும் அச்சு மட்டுமே பதிந்திருந்தால் அந்த வழி இல்லை, இணைப் பாளத்தில் உள்ள குழிகளை நம்ப வேண்டியதுதான்.

பிளக்க அரைக்கிலோ சுத்தியலும் ஓர் அங்குல அகல உளியும் போதும். பாளத்தை மணல் மூட்டைமேல் வையுங்கள். அடுக்குக் கோட்டைச் சுற்றி உளியால் மெல்லக் கீறி, நாலு பக்கமும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் குறுக்கே உடையும்.

பாளம் வெடிப்பதற்குக் காரணம் அது காயும் வேகம். களிமண் நீரை இழந்து சுருங்குகிறது. வெயிலில் வைத்தால் மேல்பரப்பு முந்திச் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இலை இருக்கும் தோல் உரிந்து சுருண்டுவிடும். எடுத்த உடனே செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பேருந்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். வீட்டில் காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் சுற்றிய தாளோடே காயட்டும். தண்ணீரில் கழுவவே கூடாது, களிமண் குழைந்து இலையும் போய்விடும். தூசியை மென்தூரிகையால் மட்டும் தள்ளுங்கள். வார்னிஷோ தேங்காய் எண்ணெயோ தடவினால் அப்போதைக்கு மினுக்கும், அதற்குப்பின் நரம்பு தெரியாது. உதிரும் பாளத்துக்கு 100 மில்லி அசிட்டோனில் 3 கிராம் பாராலாய்டு பி-72 என்ற பிசினைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடலாம். ஆனால் ஸ்போர் ஆய்வுக்கு வேண்டிய துணுக்கை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

படம் எடுக்கையில் விளக்கை நேர் மேலே பிடிக்காதீர்கள். இடது மேல்மூலையிலிருந்து 15, 20 பாகைச் சரிவில் டார்ச் அடித்தால் நரம்பு எழுந்து நிற்கும். பக்கத்தில் அளவுகோல் கட்டாயம். இடம், மேலிருந்து எத்தனையாவது அடுக்கு, எத்தனை அடி ஆழம், தேதி ஆகியவற்றைக் குழியிலேயே எழுதுங்கள். விடுதிக்குப் போய் எழுதலாம் என்று விட்ட குறிப்புகள் நம்பத்தக்கவை அல்ல. சுரங்கக்காரரிடம் அனுமதி வாங்கியே இறங்குங்கள். மழைக்குப் பின் களிமண் சுவர் சொல்லாமல் சரியும், அதன் அடியில் நிற்க வேண்டாம். சாத்தனூரிலும் திருவக்கரையிலும் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது, இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள்.

'விதைப் பெரணி' என்று பாடத்தில் வருகிறது. பெரணிக்கு விதை கிடையாது என்று அதே பாடம் சொல்கிறது. மாணவர்களுக்கு எதைச் சொல்ல? கிளாசாப்டெரிஸ் எதில் சேரும்?
– உயிரியல் ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

விதைப் பெரணி பெரணி அல்ல என்று தயங்காமல் சொல்லுங்கள். பெயர் ஒரு பழைய தவறின் தழும்பு.

சுமார் 30 கோடி ஆண்டுக்கு முந்தைய நிலக்கரி அடுக்குகளில் பெரணி போன்ற இலைகள் குவிந்து கிடந்ததால் அதைப் 'பெரணிகளின் காலம்' என்றே எழுதிவந்தார்கள். ஆனால் அந்த இலைகளில் பலவற்றின் அடியில் ஸ்போர்ப்பையை ஒருவரும் கண்டதில்லை. முடிச்சு 1903-இல் அவிழ்ந்தது. தாவரவியலாளர்கள் எஃப். டபிள்யூ. ஆலிவரும் டி. ஹெச். ஸ்காட்டும் இங்கிலாந்து நிலக்கரியில் தனியாகக் கிடந்த ஒரு விதையை ஆராய்ந்தார்கள். விதையைச் சூழ்ந்த உறையில் குண்டூசித் தலைபோல முனை பருத்த சுரப்பி மயிர்கள் இருந்தன. அச்சு அசலாக அதே சுரப்பிகள் லைஜினாப்டெரிஸ் என்ற 'பெரணி'யின் தண்டிலும் இலையிலும் இருந்தன. உடன் கிடைத்த வேறு எந்தச் செடியிலும் இல்லை. விதையும் இலையும் ஒரே செடியினுடையவை என்று ஒட்டிய நிலையில் பார்க்காமலே நிறுவினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுரப்பி ஒரு பெரிய கூட்டத்தையே பெரணிகளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டது. வகுப்பில் இதைக் கதையாகவே சொல்லலாம், மறக்க மாட்டார்கள்.

கிளாசாப்டெரிஸும் அப்படித்தான். 1828-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரோங்னியார் பெயரிட்டபோது நாக்கு வடிவ இலை மட்டுமே கையில் இருந்தது. 'நாக்குப் பெரணி' என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். இலையோடு ஒட்டிய இனப்பெருக்க உறுப்புகளை எட்னா பிளம்ஸ்டெட் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1952-இல் விவரித்தார். அது விதைத் தாவரம். ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி அடுக்குகளில் நிரம்பக் கிடக்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வயதில் மிக இளையது, அதில் தேட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. இளம் இலை சுருண்டிருந்தால் பெரணி என்று பாடம் சொல்லும். விதைத் தாவரமான மதனகாமப்பூ எனும் சைக்கஸின் இளஞ்சிற்றிலைகளும் சுருண்டுதான் வருகின்றன. சுருளை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கொல்லிமலை அடிவாரத்தில் முடவாட்டுக்கால் விற்பவர்கள் 'டைனோசர் காலத்துச் செடிங்க, அதனாலதான் இத்தனை சத்து' என்கிறார்கள். முடவாட்டுக்கால் அவ்வளவு பழையதா?
– வாசகர், இராசிபுரம்

சத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. வயதைப் பற்றி மட்டும் சொல்கிறோம்: பெரணிகள் என்ற மொத்தக் கூட்டம் டைனோசர்களைவிடப் பழையது, முடவாட்டுக்கால் அல்ல.

முடவாட்டுக்காலின் தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. ஆட்டுக்கால் மயிர் போலப் பழுப்புச் செதில் மூடிய அந்தக் 'கிழங்கு' உண்மையில் பாறையிலும் மரத்திலும் படரும் தண்டு. பாலிபோட் என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. இன்று உலகிலுள்ள ஏறத்தாழ 10,500 பெரணி இனங்களில் நூற்றுக்கு எண்பது இந்தக் கூட்டம்தான். ஹரால்ட் ஷ்னைடரும் உடனிருந்தோரும் மரபணு ஒப்பீட்டையும் படிவங்களின் வயதையும் சேர்த்துப் பார்த்து 2004-இல் ஒன்று காட்டினார்கள்: இந்தக் கூட்டம் பெருகிப் பிரிந்தது டைனோசர்களின் கடைசிக் காலமான கிரட்டேசியஸில், பூக்கும் மரங்கள் காடாகப் பரவிய பிறகு. புதுக் காடு புது நிழலையும், ஏறி உட்காரப் புதுக் கிளைகளையும் தந்தது. முடவாட்டுக்காலைப் பாருங்கள். அடியில் காம்பில்லாத பழுப்பு இலைகள் கிண்ணம்போல நின்று சருகைப் பிடித்து வைக்கின்றன. பச்சை இலைகள் அதற்குமேல் எழுகின்றன. மண்ணில்லாத மரக்கிளையில் மண் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இது இடம்பெற்ற குடும்பத்தின் உறுதியான படிவங்கள் டைனோசர்கள் மறைந்தபின் படிந்த அடுக்குகளிலேயே கிடைக்கின்றன.

மெய்யாகவே பழைய வம்சம் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி ஓடைக்கரையில் ஆஸ்மண்டாவையும், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரப் பள்ளத்தாக்குகளில் ஆஞ்சியாப்டெரிஸையும் தேடுங்கள். வித்தியாசம் ஸ்போர்ப்பையில் இருக்கிறது. ஆஞ்சியாப்டெரிஸின் பை தடித்த சுவருள்ளது, காம்பில்லை, ஒரு பைக்குள் ஆயிரத்துக்கு மேல் ஸ்போர்கள். ஒரு கீறல் விட்டுத் திறக்கும், அவ்வளவுதான். 30 கோடி ஆண்டுப் பழமையுள்ள உறவுகளின் பைகளும் இதே தடித்த ரகம். ஆஸ்மண்டாவில் சில நூறு ஸ்போர்கள், பையின் ஒரு பக்கத்தில் தடித்த செல்கள் திட்டாக இருக்கும். முடவாட்டுக்காலில் பை மெல்லியது, காம்பில் நிற்கும், உள்ளே வழக்கமாக 64 ஸ்போர்கள். பையின் முதுகில் தடித்த செல்கள் ஒரு வரிசையாக வளைந்தோடும்.

அந்த வரிசை என்ன செய்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். பச்சை இலையின் அடியில் நரம்புகளுக்கிடையே இரண்டிரண்டு வரிசையாகப் பொட்டுகள் இருக்கும். பச்சைப் பொட்டு முற்றாதது, சிதறிய பொட்டு காலியானது. பளபளக்கும் பழுப்புப் பொட்டாகப் பார்த்து ஓர் இலைத்துண்டு எடுங்கள். வெள்ளைத்தாளில் பொட்டு மேலே தெரியும்படி வைத்து, மேசை விளக்கை ஒரு சாண் உயரத்தில் பிடித்து லென்ஸில் பாருங்கள். சூட்டில் அந்தச் செல்கள் நீரிழந்து பை பின்னால் வளையும், வளைந்து நின்று திடீரென்று சொடுக்கித் திரும்பும். ஸ்போர்கள் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் புறப்படுகின்றன. ஈரமான இலையில் இது நடக்காது. முதல்நாளே தாளில் வைத்து உலர்த்துங்கள்.

வாங்குபவர்களுக்கும் வெட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளர்நுனியோடு ஒரு சாண் தண்டையாவது பாறையில் விட்டுவிட்டு வெட்டினால் செடி மறுபடி படரும். வேரோடு உரித்தெடுத்தால் அந்தப் பாறை வெறும் பாறைதான்.

வால்பாறையில் தென்னை மாதிரி நிற்கும் மரப்பெரணிகளைப் பார்த்தோம். நிலக்கரியானவை இவைதானா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

இவை சயாத்தியா குடும்பம், வேறு வம்சம். நிலக்கரிக் காலத்து மரப்பெரணி சரோனியஸ். சுமார் 10 மீட்டர் வரை உயர்ந்தது. அதன் உறவுகள் இன்று மேலே சொன்ன ஆஞ்சியாப்டெரிஸ் கூட்டம். அதற்கும் முன்னால், ஏறத்தாழ 38.5 கோடி ஆண்டுக்கு முன் நியூயார்க் மாநிலத்து கில்போவாவில் வாட்டீசா என்ற பெரணி உறவு மரமாக நின்றது. மரமாக உயரும் வித்தையைப் பெரணிகளும் அவற்றின் உறவுகளும் ஒருமுறைக்கு மேல் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன. உண்மையான கட்டை எதற்கும் இல்லை. சரோனியஸின் அடிமரம் தடித்திருப்பதற்குக் காரணம் தண்டைச் சுற்றிப் பின்னிய வேர்ப் போர்வை. நிலக்கரியில் பெரும்பங்கு தந்த 30 மீட்டர் உயர லெப்பிடோடெண்ட்ரான் பெரணியே அல்ல, செலாஜினெல்லா என்ற, பெரணியல்லாத சிறு செடியின் உறவு.

எங்கள் துறைச் சேகரிப்பில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) ஏறிய பழைய பெரணித் தண்டு ஒன்று இருக்கிறது. பீல் எடுத்தால் குமிழும் வெள்ளை மங்கலும்தான் வருகிறது. எங்கே தவறு?
– கல்லூரி விரிவுரையாளர், கோவை

பீல் என்பது தேய்த்து அமிலத்தில் அரித்த கல்பரப்பின் செல்களை ஒரு மெல்லிய தாளில் ஒட்டி உரித்தெடுப்பது. அதில் மூன்று இடத்தில் தவறலாம்.

முதலாவது தேய்ப்பு. கண்ணாடித் தகட்டில் தண்ணீரோடு 220, 400, 600 என்று வரவர நைசான கார்போரண்டம் தேய்ப்புப் பொடியை மாற்றித் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவில் கல்லையும் தகட்டையும் கையையும் கழுவுங்கள். 220-இன் ஒரு துகள் தங்கினாலும் கடைசிப் படத்தில் கோடு விழும். பரப்பு மட்டமாக இல்லையென்றால் பள்ளங்களில் குமிழ் நிற்கும்.

இரண்டாவது அரிப்பு. 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 முதல் 20 நொடி. கால்சைட் சற்றே கரைந்து செல்சுவர்கள் புல்தரை போல எழுந்து நிற்கும். நேரம் குறைந்தால் படம் வெளிறும். கூடினால் சுவர் சாய்ந்து கலங்கும். மெல்லிய நீரோட்டத்தில் அலசுங்கள். இதற்குப்பின் அந்தப் பரப்பை விரல் தொடக் கூடாது, துணி தொடக் கூடாது.

மூன்றாவதுதான் உங்கள் வெள்ளை மங்கல். கல்லில் ஈரம் இருந்தாலோ அசிட்டோன் பழையதாகித் தண்ணீர் சேர்ந்திருந்தாலோ தாள் பால் பூத்ததுபோல் ஆகும். தென்மேற்குச் சாரல் நாட்களில் கோவைக் காற்றின் ஈரமே போதும்: ஆவியாகும் அசிட்டோன் பரப்பைக் குளிர்வித்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கல்லை விளக்கடியில் முழுக்க உலர்த்தி, ஆறவிட்டு, புதுப் புட்டி அசிட்டோனால் பரப்பு முழுவதும் குளம்போல் நிற்கும்படி ஊற்றுங்கள். 50 முதல் 75 மைக்ரான் செல்லுலோஸ் அசிட்டேட் தாளை வளைத்துப் பிடித்து ஒரு விளிம்பிலிருந்து படியவிடுங்கள். தட்டையாகப் போட்டால் காற்று சிக்கிக் குமிழாகும். மின்விசிறி வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து உரியுங்கள். அவசரப்பட்டால் சுருங்கும். அசிட்டோன் இருக்கும் அறையில் அடுப்போ பர்னரோ எரியக் கூடாது.

படம் வந்ததும் இலைக்காம்பின் குறுக்குவெட்டைத் தேடுங்கள். சி எழுத்துப் போல வளைந்த ஒற்றைக் குழாய்க்கற்றையும், அதைச் சூழ்ந்த தடித்த செல் வளையமும் இருந்தால் ஆஸ்மண்டா குடும்பம் என்று சந்தேகிக்கலாம். இந்தக் குடும்பத்தின் தண்டுகள் எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு ஸ்வீடனின் கோர்சரோட் படிவம் சாட்சி. எரிமலைப் படிவுக்குள் ஒரு விவசாயி 1960-களில் கண்டெடுத்தது. வயது சுமார் 18 கோடி ஆண்டு. அதன் செல்களில் உட்கருக்களும், பிரிந்துகொண்டிருந்த குரோமோசோம்களும் தெரிவதை 2014-இல் வெளியிட்டார்கள். உட்கருவின் அளவு இன்றைய உறவினத்தோடு ஒத்திருந்தது. அத்தனை காலத்தில் மரபணுத் தொகுதி பெருத்துவிடவில்லை.

உங்கள் கல் சிலிக்கா ஏறியதாக இருந்தால் இந்த அமிலம் ஒன்றும் செய்யாது. அதற்கு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேண்டும். அது தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தைக் கட்டிவிடும், உயிரைப் பறிக்கும். புகைக்கூண்டும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்றவரும் இல்லாத ஆய்வகத்தில் தொடவே வேண்டாம். கல்லை ஒளி ஊடுருவும் மெல்லிய தகடாக அறுத்துத் தேய்த்துப் பார்ப்பதே நல்லது.

மாட்டுக்கு அசோலா வளர்க்கறேனுங்க. இதும் பெரணிதானாமா? ஒரு காலத்துல வடதுருவக் கடல் முழுக்க இது இருந்துதுன்னு சொல்றாங்க. இங்க சித்திரை வெயிலுக்கே செவந்து செத்துப்போகுது, அங்க எப்படிங்க இருந்திருக்கும்?
– பால் பண்ணையாளர், பொள்ளாச்சி

பெரணிதானுங்க, நீரில் மிதக்கும் ரகம். வடதுருவச் செய்தியும் உண்மை. 2004-இல் ஆர்க்டிக் கடலடியைத் துளையிட்டபோது சுமார் 4.9 கோடி ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் அசோலா எச்சம் மீட்டர்கணக்கில் அடுக்கடுக்காக வந்தது. அன்று அங்கே பனிக்கட்டி இல்லை. கடல் ஏறக்குறைய நாலு பக்கமும் நிலத்தால் அடைபட்டிருந்தது. ஆறுகளின் நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய ஏடாக நின்றது. அசோலா அந்த ஏட்டில்தான் பரவியது. அதற்குப் பிடித்தது மிதமான சூடு, 20 முதல் 30 பாகை. உங்கள் தொட்டியில் 35-ஐத் தாண்டுகிறது, அதனால்தான் தாங்குவதில்லை.

சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தண்ணீர் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்கட்டும். ஆழம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் தொட்டியானால் அன்றாடம் அரைக்கிலோ அள்ளிவிடுங்கள், நெருங்கினால் அடியில் அழுகும். சிவப்பேறுவதற்கு வெயில் மட்டுமல்ல, மணிச்சத்துக் குறைவும் காரணம்: 5 நாளைக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் ஒரு கிலோ சாணத்தையும் கரைத்து ஊற்றுங்கள். 10 நாளைக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள்.

நம் நாட்டு அசோலாப் படிவமும் உண்டு. மத்தியப் பிரதேசத்துச் சௌசர் பகுதியில், தக்காண எரிமலைக் குழம்புகளுக்கிடையே ஏரியடியில் படிந்து கல்லானது. தாவரவியலாளர்கள் பீர்பால் சாஹ்னியும் ஹெச். எஸ். ராவும் விவரித்து அசோலா இண்டர்டிராப்பியா என்று பெயரிட்டார்கள். வயது 6.6 கோடி ஆண்டை ஒட்டியது. ஒரு மில்லிமீட்டரிலும் சின்ன ஸ்போர்களை வைத்து அசோலா என்று எப்படி அறிகிறார்கள் என்றால், ஆண் ஸ்போர்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருக்கும். உருண்டையைச் சுற்றி மயிர்கள், பல இனங்களில் மயிர் நுனியில் நங்கூரம் போன்ற கொக்கி. நீரில் மிதந்து போகும்போது பெண் ஸ்போரில் மாட்டிக்கொள்ளத்தான் அந்தக் கொக்கி.

உங்கள் தொட்டியிலும் பார்க்கலாம், ஆனால் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இராது. ஒரு கொத்தைக் கவிழ்த்து, கிளை பிரியும் இடத்தில் அடிப்பக்கம் லென்ஸ் வையுங்கள். கடுகிலும் சிறிய உருண்டைகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். பெரிய உருண்டை ஆண், நீள்வாட்டில் சின்னதாக இருப்பது பெண். பெரியதை ஊசியால் குத்தி ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, பக்கத்துப் பள்ளி நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள், கொக்கி தெரியும்.